டிராக்டரில் பூட்டும் புது மோவர்: முதல் ஓட்டத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

புதிதாக வாங்கிய மோவர், அதாவது டிராக்டரில் ஓடும் புல் வெட்டும் கருவி, முதல் நாளிலேயே அதிர்ந்தாலோ, ஆயில் கசிந்தாலோ, அதிகச் சுமையில் தானே முறிந்து கருவியைக் காக்கும் ஷியர் போல்ட்டை முறித்துக்கொண்டே இருந்தாலோ, தயாரிப்பிலேயே கோளாறு என்றுதான் தோன்றும். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் புது மோவரின் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தொடங்குகின்றன. கியர் பாக்ஸில் ஆயில் இல்லை, அல்லது அளவு தப்பு. டிராக்டர் என்ஜினின் சக்தியை மோவருக்குக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் நீளம் அந்த டிராக்டருக்குப் பொருந்தவில்லை. தொழிற்சாலையில் முடுக்கிய நட்டு போல்ட்டுகள் முதல் சில மணி நேரத்தில் தளர்ந்துவிட்டன. இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் பேரிங்கையும் சீலையும் மாற்றிக்கொண்டிருந்தால் பணம்தான் கரையும்.

கீழே உள்ளவை மூன்று புள்ளி ஹிட்ச்சில் பூட்டும் ரோட்டரி மோவர், அதாவது ஸ்லாஷர், பெல்ட்டில் ஓடும் ஃபினிஷிங் மோவர் ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். சின்னச் சின்ன பிளேடுகள் தொங்கும் உருளை சுற்றும் ஃப்ளெயில் மோவர் வைத்திருப்பவர்களும் ஷாஃப்ட், ஆயில், பெல்ட் பற்றிய பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பி.டி.ஓ.வை அணைத்து, என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ.வை அணைத்த பிறகும் பிளேடு தன் வேகத்திலேயே சிறிது நேரம் சுற்றும். முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். அடியில் கை நீட்ட வேண்டியிருந்தால் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தூக்கி வைக்கக் கூடாது. லிவரில் கை பட்டாலோ, ஹோஸ் வெடித்தாலோ முழு எடையும் அப்படியே கீழே வந்துவிடும். கனமான மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ முட்டுக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

முதலில் ஆயில்

பல மோவர்கள் கியர் பாக்ஸில் ஆயில் இல்லாமலேயே அனுப்பப்படுகின்றன. இதைச் சொல்லும் எச்சரிக்கைச் சீட்டு வரும் வழியிலேயே கிழிந்து போயிருக்கலாம். டீலர் ஊற்றியிருப்பார் என்று எண்ணி ஓட்டக் கூடாது. ஆயில் இல்லாத கியர் பாக்ஸை முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டினாலே பற்கள் நீலம் பாரித்துவிடும், அதற்கு வாரண்டியும் கிடைக்காது.

மோவரைச் சமதளத்தில் வைத்து, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் லெவல் பிளக்கைக் கழற்றுங்கள். மேல் துளை வழியாக கியர் ஆயிலை மெதுவாக ஊற்றி, லெவல் துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பெரும்பாலான மோவர்களுக்கு 80 டபிள்யூ 90 ரக கியர் ஆயில்தான். மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி. கெட்டியான ஆயில் கீழ் பேரிங் வரை இறங்க நேரம் எடுக்கும். அதனால் கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகு மூன்றாவது முறையும் பாருங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி அளவு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அடுத்தது பிரீதர். மூச்சுத் துளை உள்ள இந்தச் சின்ன பிளக்கைப் பலரும் கவனிப்பதில்லை. வண்டியில் வரும்போது ஆயில் சிந்தாமல் இருக்க மேல் துளையில் துளையில்லாத சாதாரண பிளக்கைப் போட்டிருப்பார்கள், பிரீதரைத் தனிப் பையில் வைத்திருப்பார்கள். சிலவற்றில் பிரீதர் இடத்திலேயே இருந்தும் அதன் துளை பெயிண்ட்டால் அடைத்திருக்கும். சூடானதும் உள்ளே அழுத்தம் ஏறும், போக வழியில்லாமல் சீலின் உதடு வழியாக ஆயிலைத் தள்ளும். புது மோவரில் ஆயில் கசிந்தால் சீலைக் குறை சொல்வதற்கு முன் பிரீதரைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கசிவுதான் வரும்.

பிறகு கிரீஸ். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸ் (இரு முனை மூட்டுகளிலும் உள்ள சிலுவை வடிவத் துண்டு), கவசத்தின் பேரிங் வளையங்கள், பின் சக்கரத்தின் அச்சு, சக்கரம் திரும்பும் முளை, ஃபினிஷிங் மோவர் என்றால் பிளேடு பூட்டிய ஒவ்வொரு ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) என்று, கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிள்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். நிப்பிள் மேல் பெயிண்ட் படிந்திருந்தால் கிரீஸ் கன்னை எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது. ஊசியால் உள்ளே இருக்கும் சின்னக் குண்டை அழுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றிவிடுவதே நல்லது.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் நீளம்

புது மோவரில் ஏற்படும் மிகப் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மோவரோடு வரும் ஷாஃப்ட் பல அளவு டிராக்டர்களுக்கும் எட்ட வேண்டும் என்று நீளமாகவே வரும். அதை உங்கள் டிராக்டருக்கு ஏற்ப வெட்ட வேண்டியது உங்கள் வேலை. வெட்டாமல் பூட்டினால், மோவரைத் தூக்கும்போது ஏதோ ஒரு உயரத்தில் உள் குழாய் போய் வெளிக் குழாயின் அடியில் முட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஹைட்ராலிக் கொடுக்கும் விசை முழுவதும் கியர் பாக்ஸின் முன் பேரிங் மீதும் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங் மீதும் இறங்கும். கியர் பாக்ஸ் உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும், டிராக்டரின் உள்ளே பேரிங் போனால் செலவு மோவரின் விலையையே தொட்டுவிடும்.

அளக்கும் முறை இதுதான். ஷாஃப்ட் இல்லாமல் மோவரை மட்டும் ஹிட்ச்சில் பூட்டி, டாப் லிங்க்கையும் மாட்டுங்கள். டிராக்டர் பி.டி.ஓ. முளையில் லாக் பின் உட்காரும் பள்ளத்திலிருந்து, கியர் பாக்ஸ் முளையில் உள்ள அதே பள்ளம் வரை டேப்பால் அளக்க வேண்டும். மோவரைத் தரையில் வைத்து ஒரு முறை, கொஞ்சம் தூக்கி ஒரு முறை, பாதி உயரத்தில் ஒரு முறை, முழுதாகத் தூக்கி ஒரு முறை என எழுதிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவு முழுதாகத் தூக்கிய நிலையில் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு முளைகளும் ஒரே கோட்டுக்கு வரும் இடைப்பட்ட உயரத்தில்தான் வரும். ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் என்ஜினை நிறுத்தி, மோவருக்கு முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

குறைந்த அளவு எந்த உயரத்தில் வந்ததோ அங்கேயே மோவரை நிறுத்தி வையுங்கள். ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை கியர் பாக்ஸிலும் மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயின் முனையும் எதிர்ப் பாதியின் கவசம் தொடங்கும் இடத்தைத் தொடாமல் 25 முதல் 40 மி.மீ. வரை இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் எவ்வளவு வெட்டினால் மிஞ்சும் என்று குறித்துக்கொள்ளுங்கள். உள் குழாய், வெளிக் குழாய், இரண்டு பிளாஸ்டிக் கவசங்கள் என நான்கிலும் அதே அளவை வெட்ட வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றது போய் முட்டும்.

குழாயை ஹேக்ஸாவாலோ கட்டிங் சக்கரத்தாலோ செங்குத்தாக வெட்டி, உள்ளேயும் வெளியேயும் இருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். இரும்புத் தூளைத் துணியால் சுத்தமாகத் துடைத்த பிறகு உள் குழாய் முழுக்கக் கிரீஸ் தடவிக் கோத்துப் பாருங்கள்; கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இந்தப் பிசிறு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பிசிறோடு கோத்த குழாய்கள் சுமையில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், அப்போது நீளம் சரியாக இருந்தும் ஷாஃப்ட் முட்டியது போலவே பேரிங்கைத் தள்ளும்.

எதிர்ப்புறமும் பார்க்க வேண்டும். மிக நீண்ட நிலையில் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் பகுதி, குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வேலை செய்யும் உயரத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பது நல்லது. இதைவிடக் குறைந்தால் குழாய் வளையும், அல்லது பள்ளத்தில் இறங்கும்போது பாதிகள் பிரிந்துவிடும். பிரிந்த பாதி பி.டி.ஓ.வில் தொங்கியபடி சுற்றினால் அருகில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. குட்டையாகிவிட்ட ஷாஃப்ட்டை வெல்டு வைத்து நீட்டவே கூடாது, புதிதுதான் வாங்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

மோவரைச் சட்டென்று பூட்ட உதவும் குயிக் ஹிட்ச் சட்டத்தைப் பின்னால் சேர்த்தாலோ, வேறு டிராக்டரில் பூட்டினாலோ மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.

கோக்கும்போது இரு முனைகளிலும் குழாயோடு சேர்ந்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். எலுமிச்சை வடிவக் குழாய்களில் தவறாகக் கோக்க வழி குறைவு, சதுரக் குழாயில் 90 பாகை திரும்பிப் போய்விடும். அப்படிப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து, மோவர் முழுக்க அதிரும்; பிளேடையும் பேரிங்கையும் மாற்றிப் பார்த்தும் அது தீராது. கடைசியாக, லாக் பின் அல்லது காலர் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டாலும் ஷாஃப்ட்டைப் பிடித்துப் பலமாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

முளை உள்ளே போகவே இல்லையா? ஸ்ப்லைனில், அதாவது முளையின் நீளவாக்குப் பல் வரிகளில், பெயிண்ட் கட்டியிருக்கும். சுத்தியலால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, லேசாகக் கிரீஸ் தடவினால் போய்விடும். ஆறு ஸ்ப்லைன் முளைதான் 540 சுற்றுக்கானது. டிராக்டரில் 1000 சுற்று லிவரும் இருந்தால் அது 540இல் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 540க்கு வடிவமைத்த மோவரை 1000இல் சுற்றினால் பிளேடு பிய்த்துக்கொண்டு பறக்கும் வேகம் அது.

கிளட்ச்சை மிதித்தும் டிராக்டர் நிற்காமல் முன்னே போவது

ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் ரோட்டரி மோவரைப் பூட்டியவர்களுக்கு வரும் பயங்கரமான அனுபவம் இது. பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் கனமான பிளேடு, பி.டி.ஓ. வழியாக டிராக்டரின் கியர் பாக்ஸையும் சக்கரத்தையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. பி.டி.ஓ. முளையில் ஓவர் ரன்னிங் கிளட்ச் என்ற ஒரு வழிக் கப்ளிங்கை மாட்டினால் தீரும். ஷாஃப்ட்டை ஒரு பக்கம் மட்டுமே சுற்ற விடும், திருப்பித் தள்ள விடாது. அதுவும் நீளத்தில் சில சென்டிமீட்டரைக் கூட்டும் என்பதால் ஷாஃப்ட்டை மறுபடி அளக்க வேண்டும். இரட்டைக் கிளட்ச் அல்லது தனி பி.டி.ஓ. கிளட்ச் உள்ள டிராக்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஷியர் போல்ட் முறிந்துகொண்டே இருந்தால்

ஷியர் போல்ட் முறிவதற்காகவே இருக்கிறது. அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லில் முறிவது கியர் பல்லாக இருக்கும். மேனுவலில் சொன்ன விட்டமும் தரமும் மட்டுமே போட வேண்டும். கைவசம் இருக்கும் சரியான போல்ட் நான்கைந்தை டிராக்டரிலேயே வைத்திருங்கள். இல்லாத நேரத்தில்தான் கண்ட போல்ட்டைப் போடத் தோன்றும்.

முறிவுக்கான காரணத்தை முறிந்த விதமே சொல்லிவிடும். பி.டி.ஓ.வைப் போட்ட நொடியிலேயே முறிந்தால், என்ஜினை அதிக வேகத்தில் வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வைச் சேர்க்கிறீர்கள். ஐட்லிங்குக்குச் சற்று மேலே வைத்துச் சேர்த்து, பிளேடு சுற்றத் தொடங்கிய பிறகு மெதுவாக ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். ஓடும்போது முறிந்தால் பிளேடு மண்ணைத் தொடுகிறதா என்று பாருங்கள். மேட்டின் உச்சியில் மட்டும் முறிந்தால் நிச்சயம் அதுதான், வெட்டும் உயரத்தைக் கூட்ட வேண்டும். எதிலும் படாமல் முறிந்தால் போல்ட் துளையைப் பாருங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் போல்ட் உள்ளே ஆடி ஆடிக் களைத்து முறிகிறது. நட்டைச் சரியாக முடுக்காவிட்டாலும் இதே கதைதான். முறிந்த பிறகு சுற்றிய கவை உள்ளே பள்ளம் போட்டிருக்கும், அதையும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்த பிறகே புது போல்ட்டைப் போடுங்கள்.

ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக, சுமை மிஞ்சினால் வழுக்கிக் காக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ள மோவரில் வேறு விதமான தொல்லை. கடையிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் நின்றதில் ஈரம் பட்டு உராய்வுத் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய கிளட்ச் வழுக்காது, அதாவது மோவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. முதல் ஓட்டத்துக்கு முன் இதை விடுவிக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நட்டையும் ஒரே அளவாக, இரண்டு சுற்று தளர்த்துங்கள். தகடுகளின் ஓரத்தில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். மோவரைத் தரைக்குச் சற்று மேலே வைத்து, பி.டி.ஓ.வைப் போட்டு இரண்டு மூன்று நொடியில் அணைத்துவிடுங்கள். லேசாகப் புகை வரலாம், அது இயல்பு. நிறுத்திப் பார்க்கும்போது கோடு பிரிந்திருந்தால் கிளட்ச் வழுக்கியது என்று அர்த்தம். பிரியாவிட்டால் இன்னும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி செய்யுங்கள். அப்போதும் அசையாவிட்டால் கழற்றித் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். சூடு ஆறியதும் மேனுவல் சொல்லும் ஸ்பிரிங் நீளத்துக்கு எல்லா நட்டையும் சமமாக முடுக்கிவிடுங்கள்.

கிளட்ச் ஓயாமல் வழுக்கிக் கருகல் வாடை அடித்தால் எதிர்ப்பக்கம் தவறியிருக்கிறது: ஸ்பிரிங் தளர்வு, அல்லது தகட்டில் ஆயிலும் கிரீஸும் பட்டிருக்கிறது. கிரீஸ் கன்னோடு சுற்றும்போது கிளட்ச் பக்கம் கைதவறிப் பூசிவிடாமல் கவனமாக இருங்கள்.

அதிர்வு

ஒன்றரை மீட்டர் ரோட்டரி மோவரில் பிளேடு நுனி நொடிக்கு 70 மீட்டர் அளவில் பறக்கும். அந்த வேகத்தில் ஒரு நுனியில் 50 கிராம் எடை கூடினாலும், அது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பிண்டிலை 30 கிலோவுக்கு மேல் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் அதிர்வை “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிட முடியாது. கண்டதும் நிறுத்த வேண்டும்.

ரோட்டரி மோவரின் பிளேடுகள் போல்ட்டில் ஊஞ்சல் போல ஆடும்படி வைக்கப்பட்டிருக்கும். போல்ட்டை முழுதாக முடுக்கிய பிறகும் பிளேடு கையால் தள்ளினால் சுற்றி வர வேண்டும். அந்த ஆட்டத்தைப் பார்த்து, தளர்ந்திருக்கிறதென்று வாஷர் வைத்து இறுக்குபவர்கள் உண்டு, அது தவறு. புது மோவரில் பெயிண்ட் ஒட்டி ஒரு பிளேடு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதுதான் முதல் ஓட்டத்து அதிர்வுக்கு அடிக்கடி காரணம். முட்டுக் கொடுத்து, பிளேடை இரண்டு பக்கமும் பலமுறை ஆட்டி விடுவித்தால் அதிர்வு அப்படியே அடங்கும். பி.டி.ஓ.வைப் போட்டதும் சில நொடி தடதடத்துப் பிறகு அடங்குவது வேறு: மடங்கிய பிளேடுகள் விரிந்து நேராகும் நேரம் அது.

விடுவித்தும் அதிர்ந்தால் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தரையில் ஒரு கட்டையை நிறுத்தி, இரண்டு நுனிகளும் அதன் மேல் ஒரே உயரத்தில் கடக்கின்றனவா என்று பாருங்கள். உயரம் மாறினால் பிளேடோ, அதைத் தாங்கும் தட்டோ, ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது. பிளேடைக் கழற்றிய பிறகும் தட்டு ஏறி இறங்கினால் குற்றம் தட்டில். இரண்டு பிளேடையும் தனித்தனியே எடை போடுங்கள், வித்தியாசம் இருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது, ஒன்றை மட்டும் சாணை பிடிப்பது இரண்டுமே அதிர்வை உண்டாக்கும்.

மோவரைத் தூக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பிளேடைக் கழற்றத் தேவையில்லை. ஷாஃப்ட் அதிகச் சாய்வில் சுற்றுகிறது. சாதாரண கிராஸ் 25 பாகைக்கு மேல் சாய்ந்தால் கடகடக்கும், தொடர்ந்து ஓட்டினால் ஊசி பேரிங் நொறுங்கும். ஹைட்ராலிக் லிவரில் ஒரு தடுப்பு வைத்து, பி.டி.ஓ. ஓடும்போது அதற்கு மேல் தூக்காமல் இருங்கள்.

அதிர்வுக்கு இன்னொரு மூலம் கியர் பாக்ஸுக்கு அடியில், பிளேடு தட்டைப் பிடிக்கும் பெரிய நட். சில மோவர்களில் இதற்கு 600 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு வேண்டும். அதை ஸ்பேனரில் கைப்பலத்தால் மட்டும் எட்ட முடியாது. தளர்ந்த நட்டோடு ஓட்டினால் தட்டின் உள் ஸ்ப்லைன் அறுந்து, தட்டையும் ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். நட் முழுதாக இறங்கியதா, காட்டர் பின் போட்டு மடக்கியிருக்கிறதா என்று முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.

பெல்ட் கழலுவதும் கருகுவதும்

ஃபினிஷிங் மோவரின் புது பெல்ட் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நீளும். அதற்குப் பிறகு ஒரு முறையும் பத்து மணி நேரத்தில் மறு முறையும் இழுவையைச் சரிசெய்ய வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும், ஸ்பிரிங் வைத்த ஐட்லர் புல்லி இருந்தால் மேனுவலில் ஸ்பிரிங் நீளம் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் பொது அளவு: இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட்டின் நீளம் ஒரு மீட்டர் என்றால், நடுவில் மிதமாக அழுத்தும்போது 16 மி.மீ. இறங்க வேண்டும். அரை மீட்டர் என்றால் 8 மி.மீ. அளவுக்கு மேல் இறுக்கினால் வழுக்கல் நிற்கும், ஆனால் ஸ்பிண்டில் பேரிங் சீக்கிரம் போகும்.

பெல்ட் கழன்று விழுந்தால் இழுவையை மட்டும் கூட்டிவிட்டுத் தொடராதீர்கள். நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு புல்லி மேலே நின்றால் அதைத் தண்டோடு பிணைக்கும் சாவித் துண்டோ செட் ஸ்க்ரூவோ நழுவியிருக்கும், அல்லது கியர் பாக்ஸ் போல்ட் தளர்ந்து முழுப் பாக்ஸும் சாய்ந்திருக்கும். புல்லிப் பள்ளத்தில் படிந்த பெயிண்ட் திட்டும் பெல்ட்டைப் புரட்டிவிடும். மாட்டும்போது பெல்ட் எங்காவது முறுக்கிக்கொண்டதா என்பதையும் விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள்.

கருகல் வாடை வந்தால் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கையால் சுற்றுங்கள். எல்லாம் ஒரே மாதிரி வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் கனத்தாலோ கரகரத்தாலோ அந்த பேரிங்தான் குற்றவாளி. எல்லாம் நன்றாகச் சுற்றினால் மோவரின் அடியில் ஈரப் புல் அப்பி பிளேடைப் பிடிக்கிறது.

கசிவும் சூடும்

பிரீதரும் ஆயில் அளவும் சரியாக இருந்தும் கீழ் சீலில் கசிந்தால், பிளேடு தட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி, கயிறு, நீண்ட புல் ஏதாவது ஷாஃப்ட்டில் சுற்றி சீலுக்குள் நுழைந்திருக்கும். அதை வெட்டி எடுக்காமல் புது சீல் போட்டால் அதுவும் ஒரு நாள்தான் தாங்கும். முன் சீலில், அதாவது பி.டி.ஓ. ஷாஃப்ட் நுழையும் பக்கம் கசிந்தால் ஷாஃப்ட் நீளத்தை மறுபடி சோதியுங்கள்.

கியர் பாக்ஸ் ஒரு மணி நேர வேலைக்குப் பின் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாவது சாதாரணம். ஒரு துளித் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று கொதித்து ஆவியானால் அது சாதாரணம் இல்லை. ஆயில் குறைவு, அல்லது பேரிங் அதிக இறுக்கம். ஆயிலை ஊற்றிவிட்டும் அதே சூடு என்றால் பிரிக்காமல் டீலரிடம் போங்கள், பேரிங் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வைத்து அமைப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஓடுகிறது, ஆனால் சரியாக வெட்டவில்லை

புல்லைப் பிய்த்துப் போட்டால் பிளேடு தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ பூட்டப்பட்டிருக்கலாம். கூர் ஓரம் சுற்றும் திசையில் முன்னே போக வேண்டும். பின் ஓரத்தில் வளைந்த இறக்கை இருந்தால் அது மேலே, மோவர் கூரையைப் பார்க்க வேண்டும். எதிர்த் திசைகளில் சுற்றும் ஸ்பிண்டில்கள் உள்ள மோவரில் இரண்டு வகை பிளேடு வரும், அவற்றை மாற்றிப் போட்டுவிடுவது எளிது.

பட்டை பட்டையாக வெட்டாமல் விட்டால் முதலில் பி.டி.ஓ. வேகம். மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்தில் என்ஜின் நிற்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் பிளேடு நுனி வேகம் விழுந்து, புல் வெட்டுப்படாமல் சாய்ந்து எழுந்துவிடும். மெதுவாகப் போக வேண்டுமானால் கியரைக் குறையுங்கள், ஆக்சிலேட்டரை அல்ல. அடர்ந்த புல்லில் மணிக்கு 3 கி.மீ., சாதாரணப் புல்லில் 5 அல்லது 6 கி.மீ. போதும். என்ஜின் திணறினால் டிராக்டரின் திறனையும் பாருங்கள்: ரோட்டரி மோவரின் அகலத்தில் ஒவ்வொரு அடிக்கும் பி.டி.ஓ.வில் 5 குதிரைத்திறன் என்பது பொதுக் கணக்கு. ஐந்தடி மோவருக்கு 25.

ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் மொட்டையாகவும் வெட்டினால் மட்டம் தவறியிருக்கிறது. லிங்க்கைத் திருகுவதற்கு முன் இரண்டு பின் டயரின் காற்றையும் சமமாக வையுங்கள். பிறகு சமதளத்தில் பிளேடு நுனியை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, தரையிலிருந்து உயரத்தை அளந்து, லிஃப்ட் ராடைத் திருகிச் சமன் செய்யுங்கள். முன்பின் மட்டம் டாப் லிங்க்கில். ரோட்டரி மோவரில் முன் நுனி பின் நுனியைவிட 10 முதல் 25 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், ஃபினிஷிங் மோவரில் 6 முதல் 12 மி.மீ. போதும். பின்புறம் தாழ்ந்தால் ஒரு முறை வெட்டிய புல்லை பிளேடு மறுபடி வெட்டிக்கொண்டே இருக்கும், என்ஜின் சக்தி வீணாகும்.

மோவர் தானாக ஏறி இறங்கிக் கொண்டிருந்தால் ஹைட்ராலிக் பம்ப்பைச் சந்தேகிக்கும் முன் லிவரைப் பாருங்கள். இழுக்கும் சுமைக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் டிராஃப்ட் கன்ட்ரோல் கலப்பைக்கு உரியது. மோவருக்கு அதை ஒதுக்கிவிட்டு, வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலில் ஓட்ட வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் ஹிட்ச் பின் அளவைச் சோதியுங்கள்: முதல் வகை ஹிட்ச்சில் கீழ்ப் பின் 22 மி.மீ., இரண்டாம் வகையில் 28 மி.மீ. முதல் வகை மோவரை இரண்டாம் வகை லிங்க்கில் மாட்டியிருந்தால் புஷ் போட்டே ஆக வேண்டும். பக்கச் சங்கிலியையும் இறுக்குங்கள்.

மறு முடுக்கமும் வாரண்டியும்

முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, பிளேடு போல்ட், தட்டு நட், கியர் பாக்ஸை மோவரோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஹிட்ச் சட்டத்தின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். பத்து மணி நேரத்தில் இன்னொரு முறை. போல்ட் தலைக்குக் கீழே இருக்கும் பெயிண்ட் நசுங்கி இடம் கொடுப்பதால்தான் புதிதில் இவ்வளவு தளர்கிறது; இரண்டாவது முடுக்கத்துக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் பேனாவால் நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை கோடு விலகியதா என்று பார்த்தாலே போதும். கியர் பாக்ஸ் ஆயிலை முதல் 50 மணி நேரத்தில் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் நுண்துகள் இருப்பது இயல்பு, நகத்தால் எடுக்கக்கூடிய சில்லு இருந்தால் பல் உடைகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு உண்டு: ஸ்பிண்டில் துளை கோணலாகக் கடைந்தது, வெல்டு விரிசல், பேரிங் தவறாக அடித்தது. அந்த நிலையில் பிரித்துப் பார்க்காமல் வாரண்டிக்குப் போவது நல்லது. சீரியல் எண் தகடு, கசியும் இடம், ஆயில் லெவல், மாட்டிய நிலையில் ஷாஃப்ட் என்று நான்கையும் படம் எடுங்கள். அதிர்வு என்றால் சிறிய வீடியோ. உடைந்த துண்டையும் வெட்டி எடுத்த ஷாஃப்ட் குழாயையும் தூக்கிப் போடாதீர்கள். கியர் பாக்ஸ் உடைந்து வரும்போது டீலர் கேட்கும் முதல் கேள்வி ஷாஃப்ட் முட்டியதா என்பதுதான், உள் குழாயின் முனை நசுங்கவில்லை என்று காட்ட முடிந்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.